இறை இறுக்கும் இடம்

தமிழில் வரிக்குப் பெயர்கள் பல. இறை என்பர்; ஆயம் என்பர்; கடமை என்பர்; சுங்கம் என்பர். இவற்றுள் இறை என்னும் சொல் அரசனையும் குறிக்கும். அவனுக்குக் குடிகள் செலுத்தும் பொருளையும் குறிக்கும். எல்லாவற்றிற்கும் மேலான கடவுளையும் குறிக்கும். உழுபவனது நிலமும், அவன் உறையும் வீடும், அவனைக் காக்கும் அரசனும் ஒரே எல்லைக்குள் இருந்த காலத்தில், இறையை யாருக்கு இறுப்பது என்னும் ஐயம் பெரும்பாலும் எழுந்ததில்லை. எவ்வளவு இறுப்பது என்பதே வழக்காயிருந்தது. புறநானூற்றிலே பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்கு யானை புக்க வயலை எடுத்துக்காட்டிக் கூறிய அறிவுரையும், வரி கொள்ளும் அளவையும் முறையையும் பற்றியதேயாம். ஆனால் ஒரே வயலுக்கு இரண்டு யானைகள் உரிமை கூறி வந்து நின்றால் உழவன் என் செய்வான்? அமெரிக்க ஐக்கிய மாகாணங்களில் இக்காலத்தே எழுந்துள்ள வழக்கு ஏறத்தாழ இத்தகையது.

தமிழ் பயிலும் மாணவராகிய எமக்கு அயல்நாட்டு வருமான வரியோடு என்ன உறவு என அன்பர்கள் வினவக்கூடும். எம் தமக்கையார் மணம் முடித்து நியூஜெர்ஸி மாகாணத்து எடிசன் என்னும் ஊரில் வாழ்கின்றார். அவர் உத்தியோகம் பார்க்கும் நிறுவனமோ ஹட்சன் ஆற்றின் அக்கரையில், நியூயார்க் மாநகரின் மன்ஹாட்டன் பகுதியில் உள்ளது. முன்னர் நாள்தோறும் புகைவண்டி ஏறி, ஆற்றின் அடியிற் செல்லும் சுரங்கத்தைக் கடந்து சென்று மீண்டவர், 2020-ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக்குப் பின் வாரத்தில் இரண்டு நாள் மட்டுமே அங்குச் செல்கின்றார். எஞ்சிய மூன்று நாளும் தம் வீட்டு மாடியறையிற் கணினியின் முன் அமர்ந்தே அலுவலை முடிக்கின்றார். கீழறையில் நடை தளர்ந்த மாமியார் இருக்கின்றார். அவருக்கு வேளை தவறாது மருந்து கொடுப்பதும், நான்கு வயது மகனைப் பள்ளியினின்றும் அழைத்து வருவதும் அந்த மூன்று நாளில் எம் தமக்கையாரின் பொறுப்பு.

அந்நாட்டில் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15-ஆம் நாளை ஒட்டி வருமானக் கணக்கை ஒப்புவித்தல் வேண்டும். அக்கணக்கை முடித்த ஓரிரவில் அவர் எம்மோடு தொலைபேசியிற் பேசினார். “தம்பி, வாரத்தில் மூன்று நாள் நான் ஆற்றைக் கடப்பதே இல்லை, ஆனாலும் ஐந்து நாள் சம்பளத்துக்கும் அக்கரைக்கே வரி கட்டுகிறேன்” என்றார். “அதெப்படி, அக்கா?” என்று வினவினோம். “நான் வீட்டிலிருந்து வேலை செய்வது என் வசதிக்காகவாம், அப்படித்தான் சட்டம் சொல்கிறது” என்று கூறிச் சிரித்தார். எமக்குச் சிரிப்பு வரவில்லை. வசதி என்னும் அச்சொல்லுக்குச் சட்டம் கொண்ட பொருள் யாது என்று அறிய விரும்பிப் படிக்கலானோம். படித்து அறிந்ததையும், அறிந்தபின் எம் உள்ளத்தில் எழுந்த முடிபையும் இங்கே கூறுவாம்.

முதற்கண் நம் நாட்டு நிலைமையை நினைவூட்டல் நலம். இந்திய அரசியலமைப்பு, வேளாண்மை வருமானம் ஒழிந்த ஏனை வருமானங்களின்மீது வரி விதிக்கும் அதிகாரத்தை ஒன்றிய அரசினிடமே விட்டுள்ளது. ஆதலின் சென்னையில் இருந்துகொண்டு பெங்களூர் நிறுவனம் ஒன்றுக்கு வேலை செய்பவர், தம் சம்பளத்தின்மீது தமிழ்நாட்டுக்கு வரியா, கருநாடகத்துக்கு வரியா என்று மயங்க வேண்டுவதில்லை. மாநிலங்களும் உள்ளாட்சி மன்றங்களும் கொள்ளும் தொழில் வரியும் ஆண்டுக்கு 2,500 ரூபாயைக் கடத்தலாகாது என 276-ஆம் உறுப்பு வரையறுத்துள்ளது.

அமெரிக்காவின் நிலை வேறு. ஆங்கே கூட்டரசுக்கு ஒரு வருமான வரி உண்டு. அதனோடு பெரும்பாலான மாகாணங்கள் தமக்கென ஒரு வருமான வரியும் கொள்கின்றன. விஸ்கான்ஸின் மாகாணம் 1911-லும், நியூயார்க் 1919-லும் இவ்வரியை ஏற்படுத்தின. டெக்ஸாஸ், புளோரிடா, டென்னஸி, நியூ ஹாம்ப்ஷயர் போன்ற சில மாகாணங்கள் சம்பளத்தின்மீது வரி கொள்வதில்லை.

ஒரு மாகாணம் வருமானத்தின்மீது வரி கோருதற்கு இரண்டு காரணங்கள் கூறப்படும். ஒன்று குடியிருப்பு. என் எல்லைக்குள் வாழ்பவன் எங்குப் பொருளீட்டினும் எனக்கு வரி இறுக்கக் கடவன் என்பது அது. மற்றொன்று தோற்றுவாய். எங்கு வாழ்பவனாயினும் என் எல்லைக்குள் ஈட்டிய பொருளுக்கு எனக்கு வரி இறுக்கக் கடவன் என்பது இது. அயல்மாகாணத்தார் தன் எல்லைக்குள் ஈட்டிய வருமானத்தின்மீது ஒரு மாகாணம் வரி விதிக்கலாம் என அந்நாட்டு உச்சநீதிமன்றம் 1920-இல் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் நியூயார்க் பற்றிய மற்றொரு வழக்கில், அங்ஙனம் விதிக்குங்கால் உள்ளூரார்க்கு அளிக்கும் விலக்குகளை அயலார்க்கு மறுத்தல் கூடாது என்றும் அது கூறிற்று.

இரு காரணங்களும் ஒருவர்மீதே பொருந்தினால் ஒரே சம்பளத்துக்கு இரு வரி நேரும். அதனைத் தவிர்க்கும் பொருட்டு, தன் குடிமகன் அயல்மாகாணத்துக்கு இறுத்த வரியைக் குடியிருப்பு மாகாணம் தன் வரியிற் கழித்துக்கொள்ளும் வழக்கம் ஏற்பட்டது. வேலைக்காக ஆற்றைக் கடப்போர் உள்ளவரை இம்முறை பெரிதும் இடரின்றி நடந்தது. காலையிற் சென்று மாலையில் மீள்பவர், பகல் முழுதும் நியூயார்க்கின் வீதியையும் காவலையும் நீரையும் விளக்கையும் பயன்கொள்கின்றார். ஆதலின் அன்றைய ஊதியத்துக்கு அந்நகரம் உள்ள மாகாணம் வரி கேட்பதில் முறைகேடு ஒன்றுமில்லை.

ஆற்றைக் கடவாத நாளைப்பற்றிய விதியிலேதான் சிக்கல் தொடங்குகின்றது. நியூயார்க் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் வேறு மாகாணத்தில் உள்ள தம் வீட்டிலிருந்து வேலை செய்தால், அது நிறுவனத்தின் தேவை பற்றியதா, ஊழியரின் வசதி பற்றியதா என்று அம்மாகாணத்து வரித்துறை வினவும். அவ்வேலையை வெளியிலேயே செய்தாக வேண்டும் என்னும் இன்றியமையாமை நிறுவனத்துக்கு இருந்தாலன்றி, அந்த நாள் நியூயார்க்கிலேயே வேலை செய்த நாளாகக் கொள்ளப்படும். இதனை வேலை கொடுப்போர் வசதி விதி என்பர். டெலவேர் முதலிய வேறு சில மாகாணங்களிலும் இவ்விதி உண்டு. அர்கன்ஸாஸ் 2021-இல் இதனைக் கைவிட்டது.

எடுத்துக்காட்டாக, ஒருவர் வாரத்தில் ஐந்து நாள் வேலைக்கு 100 டாலர் பெறுகின்றார் எனக் கொள்வோம். இரண்டு நாள் நியூயார்க்கிலும் மூன்று நாள் நியூஜெர்ஸியில் உள்ள தம் வீட்டிலும் வேலை செய்கின்றார். நாள்களை எண்ணிப் பார்த்தால் 40 டாலர் அக்கரையிலும் 60 டாலர் இக்கரையிலும் ஈட்டியவை. விதியோ நூறு டாலரும் அக்கரையில் ஈட்டியதே என்கின்றது. நியூயார்க் முழுவதற்கும் வரி கொள்ள, நியூஜெர்ஸி அதனைக் கழித்துக்கொடுக்கின்றது. நடுத்தர வருமானத்தார்க்கு நியூஜெர்ஸியின் வரி பொதுவாக நியூயார்க்கின் வரியினும் குறைவாதலால், அவர்க்கு வேறுபாட்டளவு இழப்பு. நியூஜெர்ஸிக்கோ அந்த 60 டாலரின்மீது வரவேண்டிய வரி முழுதும் இழப்பு. நியூஜெர்ஸியில் தனியார் வருமான வரி 1976-இல் ஏற்பட்டது. அப்பணம் மக்களின் வீட்டு வரிச் சுமையைக் குறைத்தற்கே செலவிடப்படல் வேண்டும் என அம்மாகாணத்து அரசியலமைப்பே விதித்துள்ளது. எனவே, இழப்பவர் வரி கட்டுபவர் மட்டுமல்லர். அவரது தெருவில் வாழும் அனைவருமே என்க.

இவ்விதியை எதிர்த்து வழக்காடியோர் உண்டு. எட்வர்ட் ஜெலின்ஸ்கி என்பவர் சட்டப் பேராசிரியர். அவர் கனெக்டிகட் மாகாணத்து நியூ ஹேவனில் வாழ்ந்துகொண்டு, மன்ஹாட்டனில் உள்ள கார்டோஸோ சட்டக் கல்லூரியிற் கற்பித்தார். பாடம் நடத்தும் நாள்களில் அங்குச் செல்வார். ஏனைய நாள்களில் வீட்டிலிருந்தே ஆராய்ந்தும் எழுதியும் வந்தார். வீட்டில் வேலை செய்த நாளுக்கும் நியூயார்க் வரி கேட்டது. அந்நாள்களின் வருமானம் தன் எல்லைக்குள் ஈட்டியதே எனக் கூறிக் கனெக்டிகட் கழிவு தர மறுத்தது. ஒரு நாள் உழைப்புக்கு இரண்டு வரி! அவரே வழக்காடியும், நியூயார்க்கின் உயர்ந்த நீதிமன்றம் 2003-இல் அவர்க்கு மாறாகவே தீர்ப்பளித்தது. பெருந்தொற்றுக் காலத்துக்கான வரியைப்பற்றி அவர் மீண்டும் முறையிட்டபோதும், 2023-லும் 2025-லும் வரி மன்றங்கள் அவருக்கு இணங்கவில்லை.

மற்றொருவர் டென்னஸி மாகாணத்து நாஷ்வில் நகரில் வாழ்ந்த கணினி வல்லுநராகிய ஹக்கபி. அவர் தம் வேலையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கை நாஷ்வில்லிலேயே செய்தார். அவருடைய ஊதியம் முழுவதற்கும் வரி கேட்ட நியூயார்க்கின் செயல் செல்லும் என அதே நீதிமன்றம் 2005-இல் முடிவு செய்தது. நீதிபதிகள் நால்வர் ஒருபுறமும் மூவர் மறுபுறமும் நின்றனர். ஒரே ஒருவர் மாறியிருப்பின் தீர்ப்பும் மாறியிருக்கும்.

2020-இல் பெருந்தொற்று வந்தது. அலுவலகக் கதவுகள் அரசின் ஆணையாலேயே அடைக்கப்பட்டன. வீட்டிலிருத்தல் அன்று வசதியன்று, கட்டளை. அந்நிலையிலும் நியூயார்க் தன் விதியைத் தளர்த்தவில்லை. நிறுவனம் அவ்வூழியரின் வீட்டை உண்மையான தன் அலுவலகமாக அமைத்திருந்தாலன்றி, அந்நாள்களும் நியூயார்க் நாள்களே என வரித்துறை அறிவித்தது.

மாஸசூஸெட்ஸ் மாகாணமும் அவ்வாண்டிலேயே ஒரு தற்கால விதியை இயற்றிற்று. தொற்றுக்கு முன் தன் எல்லைக்குள் வந்து வேலை செய்தவர், இப்பொழுது அயல்மாகாணத்து வீட்டிலிருந்து செய்யும் வேலைக்கும் முன்போலவே வரி இறுக்க வேண்டும் என்றது. பக்கத்து மாகாணமாகிய நியூ ஹாம்ப்ஷயர் சம்பளத்தின்மீது வரி கொள்ளாமையைத் தன் சிறப்புகளுள் ஒன்றாகக் கருதுவது. தன் மண்ணில் தன் குடிகள் செய்யும் வேலைக்கு அயலார் வரி கொள்வதா என அது சினந்து, 2020 அக்டோபரில் நேரே உச்சநீதிமன்றத்தை அடைந்தது. நியூஜெர்ஸி, கனெக்டிகட், ஹவாய், அயோவா என்னும் மாகாணங்கள் அதற்குத் துணையாகத் தம் கருத்தை எழுதி அளித்தன. இப்பொழுதேனும் தீர்வு பிறக்கும் எனப் பலர் எதிர்நோக்கினர். ஆனால் 2021 ஜூன் 28-இல் உச்சநீதிமன்றம் அவ்வழக்கை ஏற்க மறுத்துவிட்டது. தாமஸ், அலிட்டோ என்னும் நீதிபதிகள் இருவர் மட்டுமே ஏற்கலாம் என்றனர். மாஸசூஸெட்ஸின் விதி அவ்வாண்டு செப்டம்பரில் தானே முடிவுற்றது, கேள்வியோ முடிவுறவில்லை.

நீதிமன்றம் வழிகாட்டாதபோது அண்டையார் பழிக்குப் பழி வாங்கத் தலைப்படுவது இயல்பு. கனெக்டிகட் தானும் அவ்வகை விதியை இயற்றி, அதே விதியுடைய மாகாணத்தாரிடம் மட்டும் செலுத்தலாயிற்று. நியூஜெர்ஸி 2023-இல் அவ்வழியே சென்றது. நியூயார்க்கில் வாழ்ந்து நியூஜெர்ஸி நிறுவனத்துக்கு வீட்டிலிருந்து வேலை செய்பவரிடம் அதுவும் வரி கேட்கின்றது. அதனோடு, அயல்மாகாண வரியை எதிர்த்து முறையிட்டு வெற்றி பெறும் தன் குடிகட்கு ஒரு பங்கு கழிவு தருவதாகவும் கூறிற்று. அஃதாவது, அரசு தான் ஆட வேண்டிய வழக்கைக் குடிமகன் ஆடுக என்று கைகாட்டிற்று. மாட்டுச் சண்டையில் மிதிபடுவது புல் என்பார்கள். ஈண்டு மிதிபடுவது கணக்கெழுதும் குடும்பத்தாரின் நேரமும் பணமுமாம்.

நியூயார்க்கின் பக்கத்து நியாயத்தையும் கூறாது விடுதல் நேர்மையன்று. அவ்வளவு ஊதியம் தரத்தக்க நிறுவனம் அங்கே நிலைத்திருப்பதற்கு அந்நகரின் சந்தையும், நீதிமன்றங்களும், இருப்புப்பாதைகளும், காவலும் காரணமல்லவா என்று அது கேட்கின்றது. ஊழியர் நாஷ்வில்லில் இருப்பினும், அவர் வேலைக்கு விலை தருவது நியூயார்க்கின் வளமே என்பது அதன் வாதம். மேலும், ஞாயிற்றுக்கிழமை வீட்டிற் சில தாள்களைப் புரட்டிவிட்டு, அதையும் வெளிமாகாண வேலைநாளாக எழுதி வரியைக் குறைத்துக்கொள்வோர் மலிவர் என்னும் அச்சமும் அவ்விதியின் வேரில் உண்டு. இவ்வாதங்கள் தள்ளத்தக்கன அல்ல.

எனினும் அவை நிறைவு செய்வனவும் அல்ல. நகரின் வளத்தால் நிறுவனம் பெறும் பயனுக்கு நிறுவனமே அந்நகரில் வரி செலுத்துகின்றது. அப்பயனுக்கு ஈடு ஊழியரிடத்தும் கேட்பது முறையாயின், நிறுவனத்தோடு கொடுக்கல் வாங்கல் செய்யும் ஒவ்வோர் ஊராரிடத்தும் கேட்கலாம். ஏமாற்றுவார் சிலர் உளர் என்பதற்காக நேர்மையுடையார் அனைவரது வீட்டுநாளையும் இல்லையென்று கூறுவது, பொய்ச்சான்று கூறுவார் உளர் என்பதற்காகச் சான்று கேட்பதையே ஒழிப்பது போலாம். நாள்களை எண்ணுதல் அரிய செயலன்று. நுழைவுச்சீட்டும் கணினிக் குறிப்பும் உள்ள இக்காலத்தில் அது முன்னினும் எளிது.

ஆயினும் எம் நெஞ்சை உறுத்துவது பணத்தின் அளவன்று. வசதி என்னும் சொல்லே. அவ்விதி உலகை இரண்டாகப் பகுக்கின்றது. நிறுவனத்துக்கு வேண்டுவது தேவை எனப்படும். வீட்டுக்கு வேண்டுவது வசதி எனப்படும். நடக்கவியலாத மூதாட்டிக்கு நேரத்துக்கு மருந்து கொடுத்தல் வசதியா? பள்ளிவாயிலில் தாயை எதிர்நோக்கி நிற்கும் சிறுவனை அழைத்து வருதல் வசதியா? எம் தமக்கையார் அம்மூன்று நாளும் நிறுவனத்தின் வேலையிற் குறை வைத்தவர் அல்லர். அவர் அமரும் அறையின் வாசலைக் காக்கும் காவலரும், தீப்பற்றின் ஓடிவரும் தீயணைப்போரும், மாமியாரை ஏற்றிச்செல்லும் மருத்துவ ஊர்தியும் எடிசன் ஊரைச் சேர்ந்தவை. உழைப்பு என்பது உடலோடு கூடியது. உடல் இருக்கும் இடத்திலேயே உழைப்பும் நிகழும். அவ்வுடலைத் தாங்கும் ஊருக்கே அன்றைய இறை உரியது என்பது எம் முடிபு.

இன்னுமொன்று. வாக்கில்லாத இடத்து வரியில்லை என்னும் கொள்கையை முன்வைத்து ஆங்கிலேயரை எதிர்த்த மக்கள் அமெரிக்கர். எம் தமக்கையார் இன்னும் அந்நாட்டுக் குடியுரிமை பெறாதவர்; அவரை விடுவோம். அவரோடு அதே புகைவண்டியிற் செல்லும் அமெரிக்கக் குடிமக்கள் நியூஜெர்ஸியில் வாக்களிப்பவர். நியூயார்க்கின் சட்டமன்றத்துக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்கட்கு இல்லை. தம் வீட்டறையில் தாம் செய்யும் வேலைக்கு வரி விதிக்கும் சட்டத்தை மாற்றுக எனக் கேட்பதற்கும் அங்கே அவர்க்கு ஆளில்லை.

குடியிருக்கும் இடம் ஒன்று, ஆட்சியாளர் பேரெழுதும் இடம் வேறொன்று என்பது பழைய துன்பமே. அகஸ்து இராயனின் குடிமதிப்புக் கட்டளையால், நாசரேத்தில் வாழ்ந்த தச்சர் தம் முன்னோரின் ஊராகிய பெத்லகேமுக்குச் செல்ல நேர்ந்ததை லூக்காவின் சுவிசேஷம் கூறுகின்றது. உடன் சென்றவர் நிறைமாதத்துக் கர்ப்பிணி. பேரேட்டை எழுதுவோர்க்கு வீட்டின் நிலைமை தெரிவதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மாற்றும் வழிகள் இல்லாமல் இல்லை. நியூஜெர்ஸியும் பென்ஸில்வேனியாவும் 1977-இல் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அதன்படி ஒரு மாகாணத்தில் வாழ்ந்து மற்றதிற் சம்பளம் பெறுவோர் வாழும் மாகாணத்துக்கே வரி இறுக்கின்றனர். அண்டையாருள் நட்பிருப்பின் இஃது எளிது. நட்பில்லாவிடத்துக் கூட்டரசின் சட்டமன்றமே தலையிடல் வேண்டும்; அதற்கு அவ்வதிகாரம் உண்டு. முன்னர் வேலை செய்த மாகாணம், பின்னர் வேறிடம் சென்று குடியேறிய முதியோரின் ஓய்வூதியத்துக்கு வரி கேட்டு வந்த வழக்கத்தை 1996-இல் அது ஒரு சட்டத்தால் நிறுத்திற்று. வெளிமாகாணத்தில் 30 நாளுக்கு மேல் இருந்து வேலை செய்தாலன்றி அம்மாகாணம் வரி கேட்டலாகாது என்னும் மசோதாவும் பலமுறை கொணரப்பட்டது. 2012-லும் 2017-லும் மக்கள் பிரதிநிதி சபை அதனை நிறைவேற்றியது. செனட் சபையில் அது நிறைவேறவில்லை.

ஓய்வு பெற்றார்க்குக் கிடைத்த நீதி உழைப்பார்க்கும் கிடைத்தல் வேண்டும். வேலையானது ஆலையையும் அலுவலகத்தையும் விட்டு வீட்டு மாடிக்கு வந்துவிட்டது. அது இனி முற்றும் திரும்பிச் செல்லும் எனத் தோன்றவில்லை. நம் கல்லூரியினின்று வெளிச்செல்லும் அன்பர்களுள்ளும் பலர் ஓரூரில் இருந்து வேறோர் ஊரின் வேலையைச் செய்வர். சிலர் அம்மாகாணங்களிலேயே குடியேறுவர். அவர்கள் சட்டநூல் கூறும் எண்களோடு அதன் சொற்களையும் உற்று நோக்குவாராக. எண்ணிற் பிழையிருப்பின் கணக்கர் திருத்துவர். சொல்லிற் பிழையிருப்பின் அதனை எடுத்துக்காட்டுதல் சொல்லைக் கற்றவர் கடமை. வீட்டாரைப் பேணும் உழைப்பை வசதி என்று அழைக்கும் சட்டம் திருத்தப்படும் நாள் விரைவில் வருவதாக.